பெயர் அட்டை இல்லாத பிள்ளை

தெய்வானைக்கு,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. யாவரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். வலது கண் மங்கிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி யாவரும் நலம். நீ மேச்சேரியில் பாலர் வகுப்பை ஏற்றுக்கொண்ட செய்தியைத் தபால்காரர் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டு, "டீச்சரம்மா, உங்க புள்ளையும் டீச்சராயிருச்சுங்களாமா!" என்று தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். கார்டு எழுதினால் இது ஒரு வசதி. ஊரே படித்து முடித்த பிறகு நமக்கு வருகிறது.

"மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். சேலத்து மடத்து விடுதியிலிருந்து பதின்மூன்று வருஷம் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் என் தகரப்பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் "அன்புள்ள அம்மாவுக்கு" என்றுதான் தொடங்கும். அங்கே பிள்ளைகளின் கடிதங்களைக் கன்னியாஸ்திரீகள் படித்துத் திருத்திய பிறகுதான் தபாலில் சேர்ப்பார்கள். எனக்குத் தெரியும், நானே அங்கே பயிற்சி பெற்றவள்தான். இப்போது உன் கடிதத்தைத் திருத்த ஆளில்லை. யாரும் திருத்தாமல் நீ எழுதிய முதல் கடிதத்தில் நான் உனக்கு டீச்சர். ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குக் காட்டும் மரியாதை இது என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கேட்டதற்கும் இதில் பதில் இருக்கும், கேட்காமல் விட்டதற்கும் இருக்கும். கண் தெரியாமல் எழுத்து கோணலாக விழும், பொறுத்துக்கொள்.

உன் கார்டில், நாற்பது பிள்ளைகள், ஒரே அறை, பாதிப் பேர் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு நேரம் கழித்து வருகிறார்கள், நீங்கள் குமாரபாளையத்தில் வகுப்பை மூலை மூலையாகப் பிரித்து வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். எப்படி என்பதற்கு முன்னால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பாலர் வகுப்பு என்றால் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார வைத்து, ஒரு பிள்ளை "ஆனா" என்று கத்த மற்றவர்கள் பின்னாலேயே கத்துவது. மணியடித்தபோது வந்த பிள்ளைக்கு அது சரி. நம் ஊரில் மணியடிக்கும்போது எத்தனை பிள்ளைகள் வரும்? விடிந்ததும் தறியில் அப்பன் உட்கார்ந்துவிடுவான். குறுக்கு இழையான ஊடைக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்க ஐந்து வயதுப் பிள்ளை ராட்டையின் முன்னால் உட்கார வேண்டும். அன்றைக்கு வேண்டிய தார் சுற்றி முடித்த பிறகுதான் பள்ளிக்கூடம். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒன்பதரைக்கு ஒன்று வரும், பத்தரைக்கு ஒன்று வரும். அது உள்ளே வரும்போது வகுப்பு "ஊனா"வில் இருக்கும். அந்தப் பிள்ளை தினமும் "ஊனா"விலிருந்துதான் படித்தது. ஆனாவும் ஆவன்னாவும் தன் பிறவியில் இல்லை என்று அது முடிவு செய்துவிட்டது.

பழனியம்மா என்று ஒரு பெண், பக்கத்து வீட்டு நெசவாளி அங்கமுத்துவின் மகள். அவள் ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்றேன். "நான் வர்றதுக்குள்ள எல்லாம் போயிருதுங்க டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடம் என்றால் பஸ் மாதிரி, தவறவிட்டால் போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். எப்போது வந்தாலும் நமக்காக நிற்கிற மாதிரி ஒரு வகுப்பு வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய கிண்டர்கார்டன் முறையெல்லாம் சீமையிலிருந்து வந்த மரக்கட்டைகளோடு பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. எனக்கு அலமாரியே கிடையாது. அறைக்கு நான்கு மூலை இருந்தது. அதை வைத்து ஆரம்பித்தேன்.

முதல் மூலை மணல். காவிரி மணலைச் சலித்து, நான்கு பலகைச் சட்டத்துக்குள் கொட்டி, கதவுக்குப் பக்கத்தில் வை. உள்ளே வைத்தால் அறை முழுக்க மணலாகும். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடு, காய்ந்த மணலில் எழுத்து நிற்காது. பக்கத்திலேயே ஒரு சாக்கு போட்டு வை. கை துடைத்துவிட்டுத்தான் அடுத்த மூலைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது மூலை புளியங்கொட்டை. தரையில் சாக்கட்டியால் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டால் அதன்மேல் கொட்டையை வரிசையாக அடுக்குவார்கள். எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது நூல். தறியில் கழிந்த நூலை அங்கமுத்து வீட்டிலிருந்தே வாங்கி வந்தேன். கம்பளித் துண்டின் மேல் நூலை வளைத்து எழுத்தாக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நூல் சொன்னபடி கேட்கும். மண்ணில் கோணிக்கொண்டு போன "இ" அந்த நூலில் அழகாக வந்து உட்காரும்.

நான்காவது மூலையில் பொருளும் அட்டையும். செம்பு, உப்பு, தார், மணி, இலை. பொருளுக்குப் பக்கத்தில் அதன் பெயர் எழுதிய அட்டையை வைக்க வேண்டும். நடுவில் ஒரு பாய். அதற்குப் பெயர் கதைப் பாய். நூல் கட்டுகளின் மேல் ஒட்டி வருமே வண்ணப்படம், யானையும் மயிலும் லட்சுமியும், அவற்றை நெசவு வீடுகளில் கேட்டு வாங்கிப் பழைய நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கதை சொல்லும், நான்கு கேட்கும். படிக்கத் தெரியாத பிள்ளையும் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கதை சொல்லட்டும், திருத்தாதே. கதைப் பாயைக் கொட்டை மூலைக்குப் பக்கத்தில் போட்டுவிடாதே. கொட்டைச் சத்தத்தில் கதை காதில் விழாது. நான் போட்டு, ஒரு மாதம் தொண்டை கட்டியது.

அங்கமுத்து ஒரு நாள் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள இங்க வந்து மண்ணுலயும் புளியங்கொட்டையிலயும் வெளையாடுதாமா? மண்ணு எங்கூட்டுலயே வேண்டிய மட்டும் கெடக்குதுங்களே. அதுக்கு ஏன் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்கோணும்?" என்றார். நியாயமான கேள்விதான். பழனியம்மாளைக் கூப்பிட்டு உப்பு அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அவள் ஐந்து அட்டையையும் பார்த்து, சரியான அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அப்பன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவள் அதைத் திருப்பி வைத்தாள். மறுநாளிலிருந்து கழிவு நூலைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த ஏற்பாட்டுக்கு உயிர். பெயர் அட்டை. பழைய நோட்டு அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிதாக எழுதி, ஓட்டை போட்டு, ஆளுக்கொரு நிறத்தில் நூல் கோத்தேன். வாசலுக்கு எதிர்ச் சுவரில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் வரிசையாக ஆணி. காலையில் எல்லா அட்டையும் ஆணியில் தொங்கும். பிள்ளை எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, தன் அட்டையை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த மூலையில் போய் அங்கிருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும். கதைப் பாய்க்குப் போகிறவர்கள் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு மூலைக்கு ஏழு ஆணிதான். ஏழும் நிறைந்திருந்தால் வேறு மூலைக்குப் போக வேண்டும். சண்டை கிடையாது, என்னிடம் புகார் கிடையாது. முதலில் நூலின் நிறத்தைப் பார்த்துத் தன் அட்டையை அடையாளம் கண்டுகொள்வார்கள். மூன்று மாதம் கழித்து எல்லா அட்டைக்கும் வெள்ளை நூலாக மாற்றிவிட்டேன். ஒரு நாள் திண்டாடினார்கள், மறுநாள் பெயரைப் படித்து எடுத்தார்கள். ஆஜர் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. சுவரில் எந்த அட்டை இன்னும் தொங்குகிறதோ அந்தப் பிள்ளை வரவில்லை என்று அர்த்தம். நேரம் கழித்து வருகிற பிள்ளையை ஏன் தாமதம் என்று கேட்கவே கேட்காதே. கேட்டால் மறுநாள் அந்த அட்டை தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வகுப்பில் எல்லோருக்கும் அட்டை செய்தேன். உனக்குச் செய்யவில்லை.

உன் அப்பா வாந்திபேதியில் போனபோது உனக்கு ஒரு வயது. எனக்கு அம்மா வீடும் இல்லை, மாமியார் வீட்டில் இடமும் இல்லை. பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தபோது உனக்கு நான்கு வயது. ஐந்து முடியாமல் பெயர் சேர்க்க முடியாது. டீச்சர்கள் சொந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று வேறு கண்டிப்பு. தலைமை ஆசிரியர் இரக்கமுள்ளவர். "கூட்டிட்டு வாங்க, நான் பாக்கல. ஆனா இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உனக்குச் சொல்லி வைத்தேன். நீயும் பள்ளி வாசலுக்கு உள்ளே டீச்சர், வெளியே அம்மா என்று ஒரு நாள்கூடத் தவறாமல் மாற்றிக் கூப்பிட்டாய். எந்த மூலையில் ஆள் குறைகிறதோ அங்கே உன்னை உட்கார வைத்தேன். கதைப் பாயில் கேட்க ஆள் இல்லையென்றால் நீ, நூல் சிக்கினால் பிரிக்க நீ. உனக்குப் பிடித்த மூலை எது என்று நான் கேட்டதே இல்லை. மணல்தான் உனக்குப் பிடிக்கும் என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. உன் பெயரின் கடைசி எழுத்தான 'னை'க்கு, முன்னால் கொம்பு போடாமல், தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி வருமே, அதை மணலில் இழுத்து இழுத்து நீ விளையாடுவாய். மற்ற எழுத்துகள் ஒன்றும் தெரியாது. தும்பிக்கை மட்டும் மணல் முழுக்க இருக்கும்.

ஒரு நாள் ஆணி வரிசைக்கு முன்னால் நின்று, "எனக்கு எங்க டீச்சர்?" என்று கேட்டாய். எனக்குத் தலைக்கு மேல் வேலை. "உனக்கு எதுக்கு? நீதான் தினமும் என்கூடவே வர்றியே" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். ஒரு அட்டை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கு இப்போது தெரியும்.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஆடி மாதம், காற்று அள்ளிக்கொண்டு போகிறது, வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளே நிற்கிறார். நீ மணல் மூலையில் இருந்தாய். அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது வகுப்பா, வாரச்சந்தையா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு மூலையாகக் காட்டினேன். பழனியம்மாளை அட்டை படிக்க வைத்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அத்தோடு விட்டிருக்கலாம். பெருமை யாரை விட்டது? ஆஜர் கூப்பிடாமலே எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று அட்டையை எண்ணிச் சொல்லலாம் என்று நானே வாயைக் கொடுத்தேன். அவர் எண்ணினார். மூலை மூலையாகப் போய் எண்ணினார். பிறகு தலைகளை எண்ணினார். "அட்டை முப்பத்தொன்று, பிள்ளை முப்பத்திரண்டு. ஒன்று உதைக்கிறதே" என்றார். மணல் மூலைக்கு வந்து குனிந்து, "உன் அட்டை எங்கே பாப்பா?" என்று உன்னைத்தான் கேட்டார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை.

நீ என்னைப் பார்த்தாய். அவரிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். ஒரு வசை எழுதியிருப்பார். வேலை போயிருக்கும் என்று அன்றைக்குப் பயந்தேன். போயிருக்காது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. பயத்துக்குக் கணக்கு வழக்கு தெரியாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, வேடிக்கை பாக்க வந்திருக்கு" என்று என் வாயிலிருந்து வந்தது. வெளிப் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்று தெரியாதா என்றார். நான் உன் பக்கம் திரும்பி, "போ பாப்பா, உங்கம்மா தேடுவாங்க" என்றேன்.

நீ அழவில்லை. எழுந்தாய். மணல் மூலையின் சட்டப்படி சாக்கில் இரண்டு கையையும் துடைத்தாய். வெளியே போனாய். இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தில் முறை புதிது, ஒழுங்கு நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பவானியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் டீச்சர்கள் வந்து என் வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனதெல்லாம் அந்த ஒரு வரியால்தான்.

மணியடித்ததும் வாசலுக்கு ஓடினேன். நீ பள்ளிக்கூடத்து மரத்தடியில் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் அங்கமுத்து வீட்டில் தறிக்குழிக்கு அருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "டீச்சரம்மா, இந்தக் கூத்தக் கேளுங்க. உங்க புள்ள வந்து, 'நான் இந்த ஊட்டுப் புள்ளைங்களா'ன்னு கேக்குதுங்க! ஏஞ்சாமின்னு கேட்டா, 'எங்கம்மா தேடுவாங்களாமா, அதான் வந்தேன்'ங்குது. நானும் சிரிச்சுப் போட்டு, ஆமா சாமி, நீ எங்கூட்டுப் புள்ளதான், வா, சோறு தின்னுன்னேன். ரெண்டு வாய் தின்னுபோட்டு அந்த எடத்த உட்டு நகுரவே மாட்டீங்குதுங்க" என்றாள்.

நானும் சிரித்தேன், தெய்வானை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. இன்ஸ்பெக்டர் முன்னால் சொன்ன பொய்க்குப் பயம் என்று ஒரு காரணம் உண்டு. அந்த வீட்டில் எனக்கு என்ன பயம்? உன்னை வாரி எடுத்து, நீ என் பிள்ளை, அம்மா ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பொய் சொன்ன டீச்சர் என்று தெருவில் பேச்சு வருமே என்று பார்த்தேன். சிரித்துவிட்டு, "வா, போலாம்" என்றேன். நீ எழுந்து, "சரிங்க டீச்சர்" என்றாய். பள்ளி வாசலுக்கு வெளியே நீ என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தரம்.

அதன் பிறகு உன்னைப் பள்ளிக்கூட நேரத்தில் அங்கமுத்து வீட்டிலேயே விட்டேன். ஆறு வயதில் சேலம் விடுதியில் இலவச இடம் கிடைத்தது. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளருமுங்க, கவலைப்படாம அனுப்புங்க" என்று தலைமை ஆசிரியர் தேற்றினார். அந்தப் பழமொழியை நான் பிடிவாதமாக நம்பினேன். நீ தானேதான் வளர்ந்தாய், அதில் பொய் ஒன்றும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாமல் வளர்ந்தாய். நாலரை வயதில் நடந்தது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்றும் என்னைத் தேற்றிக்கொண்டேன். உனக்குப் பதினோரு வயதில் லீவுக்கு உன்னைக் கூட்டி வந்தபோது, சேலம் பஸ்ஸில் டிக்கெட் போட்டவர், "யாருங்க, உங்க புள்ளையா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ, "பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க" என்றாய். உன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சங்ககிரி வரும் வரைக்கும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்காவது பேசியிருக்கலாம். எதுவும் நடக்காதது போல இறங்கி, உனக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

உன் வகுப்புக்கு வருகிறேன். மேச்சேரியில் கழிவு நூல் கிடைக்காது, அதற்காகத் தேடி அலையாதே. பிள்ளைகளின் கை எதில் பழகியிருக்கிறதோ அதையே மூலையில் வை. ஆட்டுக்கு உலுக்கிப் போடும் வேலங்காய் அங்கே நிறையக் கிடைக்கும், அதன் விதை புளியங்கொட்டைக்குப் பதிலாகும். ஆட்டுக் கழுத்து மணி, காய் உலுக்கும் தொரட்டி, கயிறு, தண்ணீர்த் தொட்டி என்று அட்டை எழுது. ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு வராத பிள்ளையை இழுக்காதே, அந்த மூலைக்கு அட்டைகளை நீ எடுத்துக்கொண்டு போ. முதலில் முடித்த பிள்ளையை மற்றவர்களுக்குச் சட்டாம்பிள்ளை ஆக்காதே. மூலைகளை மாதத்துக்கு ஒரு தரமாவது மாற்று, ஆனால் மணலை மட்டும் அசைக்காதே, அது அவர்களுக்கு ஊர் எல்லை மாதிரி. தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். இடுப்பில் இருப்பதற்கும் ஓர் அட்டை செய். ரிஜிஸ்டரில் பெயர் ஏறிய பிறகு அட்டை என்று வைத்துக்கொள்ளாதே. முதலில் அட்டை, பிறகுதான் ரிஜிஸ்டர். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். வசை எழுதினால் வாங்கிக்கொள். நான் வாங்காமல் விட்ட வசை என்னை விட்டுப் போகவே இல்லை.

இந்தச் சித்திரையோடு எனக்கு வேலை முடிகிறது. பழனியம்மாளின் மகன் இப்போது என் வகுப்பில் கொட்டை அடுக்குகிறான். தெருவில் பாதிப் பேர் நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். போகிற வழியெல்லாம் "டீச்சரம்மா" என்று கும்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் என்னைக் கூப்பிட ஆளில்லை. மற்ற நாட்களில் நான்கு பக்கமும் தறிச் சத்தம் இருக்கும், யாரோ கூட இருப்பது போல ஒப்பேறிவிடும். அமாவாசைக்கு ஊரில் தறி ஓடாது. அன்றைக்கு இந்த வீட்டில் என் மூச்சு எனக்கே கேட்கிறது. போன அமாவாசையன்று பொழுது போகாமல் தகரப்பெட்டியைக் கவிழ்த்தேன். உன் கடிதங்களுக்கு அடியில் அது இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் நீ தூங்கிய பிறகு உனக்கு ஓர் அட்டை வெட்டினேன். பெயர் எழுதி, கடைசி எழுத்தின் தும்பிக்கையைப் பெரிதாகச் சுழித்து, மாம்பழ மஞ்சளில் நூலும் கோத்தேன். அது நடந்தது உனக்குத் தெரியாது. மறுநாள் அதை ஆணியில் மாட்டினால் நீ யாருடைய பிள்ளை என்று எழுதி ஒட்டியதாகிவிடும் என்று பயந்து, பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மசி மங்கவில்லை. நூல்தான் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

அதை உனக்குத் தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. நம் வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவர்கள் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். கேட்கிறவர்களிடம், என் மகளுடையது என்று சொல்கிறேன். தினமும் காலையில் பார்க்கிறேன். அங்கேயேதான் தொங்குகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு பாலர் வகுப்பு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் கழித்து வந்த பிள்ளையை ஏன் தாமதம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, சாமி.

அம்மா